சில்பர்மானின் ஆர்கன்கள்: துணிந்து பார்க்க மறுத்த ஒரு கைவினைஞரின் வெற்றி

தேவாலயங்களில் ஒலிக்கும் குழல் இசைக்கருவியான ஆர்கனின் கட்டுமானத்தைப் பற்றி யாக்கோப் ஆட்லுங் எழுதிய பெருநூல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து 1768 இல் பெர்லினில் அச்சேறியது. அந்நூலுக்குக் குறிப்புகள் சேர்த்தவர்களுள் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கிடம் பயின்ற அக்ரிகோலாவும் ஒருவர். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஆர்கன் கட்டுநரான கோட்ஃபிரீட் சில்பர்மானைப் பற்றி அதில் ஒரு மதிப்பீடு இடம்பெற்றிருக்கிறது. வேலையின் நேர்த்தி, பயன்படுத்திய பொருள்களின் உயர்வும் உறுதியும், உள்ளமைப்பின் எளிமை, குழல்களின் செழுமையான குரல், விரலுக்கு இலகுவாக இயங்கும் விசைகள் ஆகியவற்றை அது மனமாரப் பாராட்டுகிறது. ஆனால் விவரம் அறிந்தவர்கள் மூன்று குறைகளைச் சொல்வதாகவும் அது தொடர்கிறது: எல்லாக் கருவிகளிலும் ஏறக்குறைய ஒரே குழல்வரிசைத் திட்டம், பிடிவாதமான சுருதி முறை, உயர்ந்த ஒலிகளைச் சேர்க்கும் கலவை வரிசைகளில் போதிய வலுவின்மை. இவற்றுள் முதல் குறைக்கு அந்நூல் காட்டும் காரணம்தான் கவனத்திற்குரியது. தவறாமல் அமையும் என்று முழு உறுதி இல்லாத எந்த வரிசையையும் துணிந்து செய்து பார்க்க மறுக்கும் அளவுமீறிய எச்சரிக்கை சில்பர்மானுக்கு இருந்தது என்கிறது அது.

பாராட்டையும் குறையையும் தனித்தனிப் பட்டியல்களாக வாசிப்பது வழக்கம். அவை இரண்டும் ஒரே குணத்தின் விளைவுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சில்பர்மான் கட்டியவையாக அறியப்படும் ஏறத்தாழ 50 ஆர்கன்களுள் 30 அளவிலானவை இன்றும் இருக்கின்றன. அவற்றுள் பல, தொடக்கத்தில் அவர் நிறுவிய அதே சிற்றூர்த் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன. மரமும் தோலும் மென்மையான உலோகமும் சேர்ந்த ஒரு கருவி 300 ஆண்டுகள் உழைப்பது அரிது. அந்த உழைப்புக்குக் காரணமான எச்சரிக்கையே அக்ரிகோலா தலைமுறையினருக்குச் சலிப்பூட்டிய ஒரேமாதிரித் தன்மைக்கும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள, பைப் ஆர்கன் எப்படி ஒலிக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நமக்குப் பழக்கமான ஆர்மோனியத்தில் குழல்களே இல்லை. காற்றில் அதிரும் உலோக நாக்குகள் மட்டுமே உண்டு. பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும், ஒவ்வொரு ஒலிவண்ணத்துக்கும் தனித்தனிக் குழல் வேண்டும். ஒரே ஒலிவண்ணம் கொண்ட குழல்கள், விசைக்கு ஒன்றாக, அளவுவாரியாக நிற்பதை ஒரு குழல்வரிசை என்று கொள்ளலாம். ஆர்கன் வாசிப்பவர்கள் இதை ஸ்டாப் என்பார்கள். துருத்திகளிலிருந்து வரும் காற்று, ஓக் மரத்தாலான காற்றுப்பெட்டியில் நிலையான அழுத்தத்தில் தேங்கி நிற்கிறது. வாசிப்பவர் விசையை அழுத்தும்போது மெல்லிய மரச்சட்டங்களும் உருளும் தண்டுகளும் அந்த அசைவைக் காற்றுப்பெட்டிக்குள் கொண்டுசென்று, தோல் ஒட்டிய ஓர் அடைப்பைத் திறக்கின்றன. எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, குழல்களின் அடியில் ஓடும் துளையிட்ட நழுவுபலகை. வாசிப்பவர் பக்கவாட்டிலுள்ள குமிழை இழுத்தால் பலகை நகர்ந்து துளைகள் நேருக்கு நேர் வரும். தள்ளினால் துளைகள் மூடிக்கொள்ளும்.

இந்த அமைப்பில் வாசிப்பவரின் விரலுக்கு இருக்கும் அதிகாரம் மிகக் குறைவு. வீணையிலோ வயலினிலோ கலைஞர் நாதத்தைக் கணந்தோறும் உருவாக்குகிறார். ஆர்கனில் அவர் காற்றின் வழியைத் திறக்கிறார், மூடுகிறார். திறக்கும் கணத்தின் கூர்மையைச் சற்றே கட்டுப்படுத்துகிறார். குழலின் குரல் எப்படியிருக்க வேண்டும் என்பது, அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஒரு பட்டறையில் முடிவாகியிருக்கக் கூடும். ஆகவே ஆர்கன் கட்டுபவரின் முடிவுகள் பிற இசைக்கருவி செய்பவர்களின் முடிவுகளைக் காட்டிலும் நீண்ட நிழல் கொண்டவை. தவறு செய்தால் அதைக் கலைஞரின் திறமை மறைத்துவிடாது.

சில்பர்மான் 1683 ஜனவரி 14 அன்று சாக்சனியின் மலைப்பகுதியிலுள்ள கிளைன்போப்ரிட்ச் என்ற சிற்றூரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் விரைவில் அருகிலுள்ள ஃபிரௌவென்ஸ்டைன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ஆண்ட்ரியாஸ் ஆர்கன் தொழில் கற்று, ஸ்ட்ராஸ்பூர்க்கில் பட்டறை வைத்திருந்தார். கோட்ஃபிரீட் 1702 வாக்கில் அங்குச் சென்று அண்ணனிடமே தொழில் பழகினார். ஆண்ட்ரியாஸ் 1704 முதல் 1706 வரை பாரிஸில் பிரான்சுவா தியெரி என்ற கட்டுநரிடம் பிரெஞ்சு முறையைக் கற்றுவந்தார். அந்த இரண்டாண்டுகளில் பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் தம்பிதான். அண்ணன் கொண்டுவந்த பிரெஞ்சு அறிவு தம்பிக்கும் கிடைத்தது: ஒரே விசைக்கு ஐந்து குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் கோர்னெட், கனத்த குரல் கொண்ட நாக்குக் குழல்கள், தனிமெட்டு வாசிப்பதற்கென்றே வண்ணம் சேர்க்கப்பட்ட வரிசைகள். அதனுடன் சாக்சனியின் திடமான அடிப்படை ஒலியை இணைத்ததே சில்பர்மான் ஒலி எனப்படுவதின் சாரம். வேறு புதுமை எதையும் அவர் பெரிதாக நாடியதாகத் தெரியவில்லை. 30 வயதுக்குள் கிடைத்த அந்த இணைப்பை வாழ்நாள் முழுவதும் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்தார்.

1710 இல் ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் வணிக நோக்கில் மிகச் சாதுரியமானது. வளர்ந்த ஊரான ஃபிரௌவென்ஸ்டைனின் தேவாலயத்துக்குத் தம் உழைப்புக்குக் கூலி வாங்காமல், பொருள் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஒரு சிறிய ஆர்கன் கட்டித் தந்தார். ஊர்ப்பற்றும் பக்தியும் அதில் இருந்திருக்கும். கூடவே, சாக்சனியில் எவருக்கும் தெரியாத 27 வயது இளைஞருக்குக் காட்டிக்கொள்ள ஒரு கருவியும் கிடைத்தது. அதே 1710 இல் ஃபிரைபெர்க் பேராலயம் மூன்று விசைப்பலகைகளும் 44 குழல்வரிசைகளும் கொண்ட பெரிய ஆர்கனுக்கு அவருடன் ஒப்பந்தம் செய்தது. லைப்சிக் நகரின் தாமஸ் தேவாலய இசைப் பொறுப்பாளர் யோஹான் கூனாவ் பரிந்துரைத்திருந்தார். அந்தப் பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர்தான் பாக். 1714 இல் திறக்கப்பட்ட அந்த ஆர்கன் இன்றும் அதே மாடத்தில் நிற்கிறது. தம் பெயருக்கேற்ற (ஜெர்மனில் சில்பர் என்றால் வெள்ளி) வெள்ளிச் சுரங்க நகரான ஃபிரைபெர்க்கில் கோட்டைச் சதுக்கத்தருகே ஒரு வீட்டைப் பட்டறையாக்கிக்கொண்டு, அங்கிருந்தே ஏறத்தாழ 40 ஆண்டுகள் தொழில் நடத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பட்டறையின் மையம் உலோகக் குழல். வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, துணியோ மெல்லிய மணலோ விரித்த நீண்ட மேசைமேல் தகடாக வார்ப்பார்கள். அடியில் பிளவு வைத்த ஒரு மரப்பெட்டியில் உருகிய உலோகத்தை ஊற்றி, மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீரில் இழுத்துச் செல்ல வேண்டும். இழுக்கும் வேகமும் உலோகத்தின் சூடும் தகட்டின் கனத்தைத் தீர்மானிக்கின்றன. நடுவில் கை தயங்கினால் அந்த இடம் தடித்துவிடும், தகட்டை மீண்டும் உருக்கத்தான் வேண்டும். ஆறிய தகட்டை இழைப்புளியால் சீவி, அளவுக்கு வெட்டி, உருளைக் கட்டையில் சுற்றி, விளிம்புகளைப் பற்றாசு வைத்து இணைப்பார்கள். பற்றாசு பரவாமலிருக்க விளிம்பின் இருபுறமும் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு தடவப்படும். கூம்பு வடிவக் கால், நடுவில் ஒரு தட்டு, மேலே உடல் என மூன்று பகுதிகள். காலுக்கும் உடலுக்கும் இடையே வாய். தட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவேயுள்ள மயிரிழைப் பிளவின் வழியே மேலெழும் காற்றுத் தகடு மேலுதட்டில் மோதி, உள்ளேயுள்ள காற்றுத் தூணை அதிர வைக்கிறது.

வெள்ளீயம் மிகுந்தால் குழல் விறைப்பாகவும் ஒளியாகவும் நிற்கும்; குரலிலும் தெளிவு கூடும். காரீயம் மிகுந்தால் உலோகம் மலிவாகவும் வேலைக்கு மென்மையாகவும் இருக்கும், ஆனால் நாளடைவில் தன் எடையிலேயே சரியும் வாய்ப்பு உண்டு. சில்பர்மான் முகப்பில் நிற்கும் முதன்மைக் குழல்களை ஏறக்குறையத் தூய வெள்ளீயத்திலேயே செய்தார். சாக்சனியின் மலைத்தொடரில் ஆல்டன்பெர்க் போன்ற வெள்ளீயச் சுரங்க ஊர்கள் இருந்தன என்றாலும் அது விலை குறைந்த உலோகமாக என்றுமே இருந்ததில்லை. அவருடைய ஆர்கன்கள் போட்டியாளர்களின் விலையைவிட உயர்ந்தவை என்று பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழலின் நீளம் சுருதியைத் தருகிறது. விசைப்பலகையின் கடைசி இடதுபுற விசைக்குரிய திறந்த குழல் ஏறக்குறைய 8 அடி, அதாவது 2.4 மீட்டர் நீளம் வேண்டும். மேல்முனையை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அந்தச் சுரம் கிடைக்கும், ஆனால் குரல் மங்கலாகும். நீளத்தைப் போல் எளிதில் கணக்கிட முடியாதது குழலின் விட்டம். ஒடுங்கிய குழல் நரம்புக் கருவியைப் போலக் கூர்மையாகவும், அகன்ற குழல் புல்லாங்குழல் போலத் திரண்டும் ஒலிக்கும். ஒரு வரிசையின் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம்வரை விட்டம் எந்த விகிதத்தில் குறைய வேண்டும் என்பது ஒவ்வொரு பட்டறைக்கும் உரிய மூலதனம். நீளம் பாதியாகும்போது விட்டத்தையும் பாதியாக்கினால் மேல் சுரங்கள் மெலிந்து போகும். ஆகவே விட்டம் மெதுவாகக் குறைய வேண்டும். இந்த அளவுகளைச் சில்பர்மான் ஒருமுறை தீர்மானித்தபின் கருவிக்குக் கருவி மாற்றவில்லை. ஒரே அளவுகள், ஒரே வரிசைகள், ஒரே வகையான காற்றுப்பெட்டி என்பதால் பணியாளர்கள் ஒரு வேலையைப் பலமுறை செய்து தேர்ந்தார்கள். முன்பு செய்த குழலோடு புதிய குழலை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, பிழைகள் பட்டறையிலேயே வெளிப்பட்டன.

அளவுகள் சரியாக இருந்தாலும் பட்டறையிலிருந்து வரும் குழல் அப்படியே பாடிவிடாது. அதற்குக் குரல் கொடுக்கும் வேலை தனிக்கலை. வாயின் உயரத்தை இம்மியளவு வெட்டுவது, காலின் துளையை ஒடுக்குவது அல்லது விரிப்பது, தட்டை மேலோ கீழோ நகர்த்துவது என எல்லாமே காதை நம்பிச் செய்யப்படுபவை. வெட்டிய உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. இந்த வேலையின் பெரும்பகுதி பட்டறையில் முடிந்தாலும் இறுதித் திருத்தம் தேவாலயத்துக்குள்தான் நடக்க வேண்டும். ஏனெனில் கல் சுவர்களும் மரக்கூரையும் மாடத்தின் உயரமும் ஒலியை மாற்றிவிடும். நாக்குக் குழல்களில் சிரமம் இன்னும் அதிகம். அவற்றில் பித்தளை நாக்கு ஒன்று உலோகத் தொட்டியின் விளிம்பில் அடித்து அதிர்கிறது. நாக்கின் வளைவு துளி பிசகினாலும் குழல் தாமதமாகப் பேசும் அல்லது கரகரக்கும். நாகசுரக் கலைஞர் சீவாளியைச் சீவிச் சீவிப் பதப்படுத்துவதில் காட்டும் பொறுமை இதற்கும் வேண்டும். ஒரே வேறுபாடு, இங்கே அடுத்தடுத்து நிற்கும் நாற்பதுக்கு மேற்பட்ட நாக்குகள் ஒரே குரலில் பேசியாக வேண்டும்.

சிற்றூர்களுக்கு அவர் கட்டிய கருவிகளில் திட்டத்தின் சிக்கனம் தெளிவாகத் தெரிகிறது. ஹெல்பிக்ஸ்டோர்ஃப், ஃபோர்ஹைம், ரைன்ஹார்ட்ஸ்கிரிம்மா, குரோஸ்ஹார்ட்மான்ஸ்டோர்ஃப் ஆகிய ஊர்களின் ஆர்கன்கள் எல்லாம் இரண்டு விசைப்பலகைகளும் 20 அளவிலான குழல்வரிசைகளும் கொண்டவை. காலால் வாசிக்கும் மிதிபலகைக்கு மிகச் சில வரிசைகளே தரப்பட்டன. வடஜெர்மனியில் ஹாம்பர்க் பகுதியின் ஆர்ப் ஷ்னிட்கர் போன்றோர் மிதிபலகைக்குத் தனிக்கோபுரமே எழுப்பி ஒரு முழு ஆர்கனுக்கு நிகரான வரிசைகளை ஒதுக்கினார்கள். அதனோடு ஒப்பிட்டால் சில்பர்மானின் மிதிபலகை எளியது. மேலும் அவர் விசைப்பலகையின் தாழ்ந்த முனையில் முதல் சுரத்துக்கு அடுத்த அரைச்சுரத்தை வழக்கமாக விட்டுவிட்டார். அக்கால இசையில் அதிகம் தேவைப்படாத அந்தச் சுரத்துக்கு, ஒவ்வொரு வரிசையிலும் மிகப் பெரிய, மிக விலையுயர்ந்த குழல்களுள் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும். பணம் தரப்போவது குறைந்த குடும்பங்களே உள்ள ஒரு திருச்சபை. அந்தப் பணத்தை உலோகத்தின் தரத்தில் செலவிடலாம் என்பது அவர் கணக்கு. பாகங்கள் ஃபிரைபெர்க்கில் தயாராகி, வண்டிகளில் ஊருக்குப் போய், அங்கே பொருத்தப்பட்டன.

சுருதி முறையில்தான் அவருடைய பிடிவாதம் உண்மையில் இசையைத் தொட்டது. ஒரு சுரத்திலிருந்து தூய பஞ்சம இடைவெளியில் பன்னிரண்டு முறை மேலே ஏறினால், தொடங்கிய சுரத்தின் ஏழாவது மேல்ஸ்தாயியை அடைய வேண்டும். ஆனால் கணக்கு சரியாக முடிவதில்லை: சுமார் 23.5 சென்ட் மிகுதியாகிவிடுகிறது. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால் இது அதன் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. சுருதியை நகர்த்த முடியாத எந்த விசைக் கருவியிலும் இந்த மிகுதியை எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும். இன்றைய பியானோவில் அது பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. சில்பர்மான் பதினொரு பஞ்சமங்களைத் தூய அளவிலிருந்து சற்று அதிகமாகவே குறுக்கினார்; அதனால் அதிகம் பயன்படும் சுதிகளில் காந்தாரம் இனிமையாக அமைந்தது. விலையைக் கட்டியது பன்னிரண்டாவது பஞ்சமம்: அது மிக அகன்று, கேட்கச் சகிக்காத அளவுக்கு அடித்து அதிர்ந்தது. ஜெர்மானியர் அதை ஓநாய் என்றே அழைத்தார்கள்.

தேவாலயப் பாடல்களுக்குத் துணையாக வாசிக்கும் சிற்றூர் ஆர்கனிஸ்டுக்கு அந்த ஓநாயைச் சந்திக்க வேண்டிய தேவை அரிதாகவே வந்தது. ஆனால் எல்லாச் சுதிகளிலும் எழுத விரும்பிய புதிய தலைமுறைக்கு அது பெருந்தடை. லோபன்ஸ்டைன் நகரின் ஆர்கனிஸ்ட் கெயார்க் அந்திரேயாஸ் ஸோர்கெ, 1748 இல் வெளியிட்ட நூலொன்றில் சில்பர்மானின் சுருதி முறையைக் கடுமையாகத் தாக்கினார். இங்கே ஸோர்கெயின் பக்கம் நியாயம் இருந்தது. சில்பர்மானின் முறையில் இனிமையாகும் சுதிகளின் இனிமை மெய்யானதே. இன்றும் அந்த முறைக்கு நெருக்கமாகச் சுருதி சேர்த்த ஆர்கனில் கோரல் எனப்படும் எளிய தேவாலயப் பாடல் ஒன்றைக் கேட்டால் அந்த அமைதியை உணரலாம். ஆனால் பாக்கின் பிற்கால ஆர்கன் படைப்புகள் சிலவற்றை அத்தகைய கருவியில் வாசிப்பது எளிதன்று. உலோகத்திலும் மரத்திலும் நன்மை செய்த எச்சரிக்கை, இசை நகர்ந்துகொண்டிருந்த திசையைக் காண மறுத்த இடம் இது.

அவருடைய தொழில்முறையில் இன்னொரு கூர்மையும் உண்டு. மன்னர் அகஸ்டஸ் 1723 இல் அவருக்கு அரசவை ஆர்கன் கட்டுநர் என்ற பட்டத்தையும் அதற்குரிய சலுகையையும் வழங்கினார். சாக்சனி சந்தையில் அவர் ஏற்கெனவே செலுத்திவந்த ஆதிக்கம் அதனால் உறுதிப்பட்டது. அதே காலத்தில் அவரிடம் பயின்ற சக்கரியாஸ் ஹில்டெபிரான்ட், போட்டியிடுவதில்லை என்ற உடன்பாட்டுக்கு மாறாகத் தனியாக ஆர்கன்கள் கட்டத் தொடங்கினார். லைப்சிக் அருகே ஷ்டோர்ம்தால் சிற்றூரில் ஹில்டெபிரான்ட் கட்டிய ஆர்கனை 1723 நவம்பரில் பாக்கே ஒரு புதிய கான்டாட்டாவுடன் தொடங்கிவைத்தார். ஆசானுக்கும் மாணவருக்கும் வழக்கு மூண்டது. வணிக நலனைக் காப்பதில் சில்பர்மான் இரக்கம் காட்டியவராகத் தெரியவில்லை. ஆனால் 1746 செப்டம்பரில் நௌம்பூர்க் நகரில் ஹில்டெபிரான்ட் முடித்த 53 குழல்வரிசைகள் கொண்ட பெரிய ஆர்கனைச் சோதித்து ஏற்க அழைக்கப்பட்ட இருவர் பாக்கும் சில்பர்மானுமே. ஆசானின் உறுதியும் ஆசான் தவிர்த்த துணிச்சலும் ஒருங்கே அமைந்த கருவி என்று அதைச் சொல்லலாம். பாக்கின் விருப்பத்துக்கு மிக அருகில் வந்த ஆர்கன் அதுவே என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

எச்சரிக்கையே உருவான இந்த மனிதர் ஒரே ஒரு துறையில் புதிய வழியில் இறங்கினார் என்பது வியப்பு. இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்த, சுத்தியலால் தந்தியை அடிக்கும் விசைக்கருவி பற்றி மஃபே என்ற இத்தாலிய எழுத்தாளர் எழுதிய கட்டுரை 1725 இல் ஜெர்மனில் வெளியானது. சில்பர்மான் 1730களில் அத்தகைய பியானோக்களைச் செய்து பார்த்தார். அவற்றை வாசித்த பாக், ஒலியைப் பாராட்டியபோதும், மேல் சுரங்கள் மெலிந்திருப்பதையும் விசைகள் கனமாக இருப்பதையும் குறையாகச் சொன்னதாக அக்ரிகோலா பதிந்திருக்கிறார். சில்பர்மான் கோபப்பட்டார், ஆனாலும் விற்பதை நிறுத்திவிட்டுப் பல ஆண்டுகள் திருத்தினார். திருந்திய பியானோக்களைப் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் வாங்கினார். 1747 இல் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்கு வந்தபோது மன்னர் முன் வாசித்தது அவற்றில்தான். இங்கும் அவர் செய்தது வேறொருவரின் கண்டுபிடிப்பைக் குறையின்றிச் செய்து முடித்ததே.

டிரெஸ்டனில் அவருடைய பெரும் பணிகள் மூன்று. சோஃபியா தேவாலயத்தில் 1720 இல் முடித்த ஆர்கனைப் பின்னாளில் வாசித்தவர் பாக்கின் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீட்மான். ஃபிரௌவென்கிர்ஹெ எனப்படும் அன்னை தேவாலயத்தின் ஆர்கன் 1736 நவம்பரில் முடிந்தது. டிசம்பர் 1 அன்று பாக் அங்கே கச்சேரி நிகழ்த்தினார். கடைசிப் பணி, கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்துக்கான 47 குழல்வரிசைகள் கொண்ட ஆர்கன். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1753 ஆகஸ்ட் 4 அன்று டிரெஸ்டனில் இறந்தார். வழக்காடிய மாணவர் ஹில்டெபிரான்ட்டும், ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வந்த அண்ணன் மகன் யோஹான் டேனியலும் வேலையைத் தொடர, 1755 இல் அது நிறைவேறியது.

அழிந்த ஆர்கன்களை அழித்தவை பெரும்பாலும் போரும் தீயுமே. ஃபிரௌவென்ஸ்டைனில் அவர் கூலி வாங்காமல் கட்டிய முதல் ஆர்கன் 1728 இல் ஊரையே எரித்த தீயில் போயிற்று; அதற்குப் பதிலாக அவர் கட்டியதும் 1869 தீயில் போயிற்று. ஸிட்டாவ் நகரின் பெரிய ஆர்கன் ஏழாண்டுப் போரில் 1757 இல் நகரோடு எரிந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் அரசு ஆர்கன்களின் முகப்பு வெள்ளீயக் குழல்களைப் போர்த் தேவைக்காகக் கைப்பற்றியபோது, வரலாற்று மதிப்புடையவற்றுக்கு விலக்கு அளிக்கும் வழி இருந்தது. சில்பர்மான் என்ற பெயரே அப்போது கேடயமாக அமைந்தது. அதற்கு முன்பு 19 ஆம் நூற்றாண்டில் வேறு வகை ஆபத்து இருந்தது. ரொமான்டிக் காலத்து ரசனை மெல்லிய நரம்பு வண்ணங்களையும் கனத்த தாழ்ந்த ஒலிகளையும் நாடியது. வசதியுள்ள நகரத் தேவாலயங்கள் பழைய ஆர்கன்களைக் கழற்றிப் புதியவை வைத்தன. சாக்சனியின் மலைச் சிற்றூர்களுக்கு அதற்கான பணம் இல்லை, நன்றாக உழைக்கும் கருவியை மாற்றும் அவசரமும் இல்லை. என் கணிப்பில், சில்பர்மானின் ஆர்கன்கள் இத்தனை எஞ்சியதில் பாதிப் பங்கு அவருடைய ஓக் மரத்துக்கும் வெள்ளீயத்துக்கும், மீதி அந்த ஊர்களின் சிக்கனத்துக்கும் உரியது.

அந்தத் தொழில் ஜெர்மனியில் இன்றும் நடைபெறுகிறது. யுனெஸ்கோ 2017 இல் ஜெர்மனியின் ஆர்கன் கட்டுமானத்தையும் ஆர்கன் இசையையும் மனிதகுலத்தின் மரபுசார் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, நாட்டில் சுமார் 50,000 ஆர்கன்களும் 400 பட்டறைகளும் 2,800 தொழிலாளர்களும் இருப்பதாகக் குறிப்பிட்டது. தொழில் பழகுவதற்கு மூன்றரை ஆண்டுகள். பட்டறையில் வேலை செய்துகொண்டே, லுட்விக்ஸ்பூர்க் நகரின் ஆஸ்கர் வால்க்கர் பள்ளியில் பாடம் கற்கிறார்கள். சொந்தப் பட்டறை வைக்க மாஸ்டர் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற பழைய விதி 2004 இல் தளர்த்தப்பட்டு, 2020 இல் மீண்டும் கட்டாயமாயிற்று. காரீயத்தின் நச்சுத் தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளுக்கு விதித்த கட்டுப்பாடு, துருத்திக்கு மின்விசிறி வைத்த ஆர்கன்களையும் பிடித்துவிடுமோ என்று 2006 வாக்கில் எழுந்த அச்சம், 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பைப் ஆர்கன் வெளிப்படையாக விலக்கப்பட்ட பிறகே முழுதும் நீங்கியது. புதிய ஆர்கன் கட்டும் வாய்ப்புகள் குறைந்துவரும் நாட்டில், பழையவற்றைப் பழுதுபார்ப்பதும் மீட்பதும் தொழிலின் பெரும்பகுதியாகிவிட்டன.

மீட்பது என்றால் எதை என்ற கேள்வி டிரெஸ்டனில் கடுமையாக எழுந்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் அன்னை தேவாலயமும் அதன் ஆர்கனும் அழிந்தன. சோஃபியா தேவாலயத்தினதும் போயிற்று. தேவாலயக் கட்டடம் கல்லுக்குக் கல் பழைய வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டபோது, ஆர்கனும் 1736 இல் இருந்தபடியே திரும்ப வேண்டும் என்று இசைக்கலைஞர்களும் வல்லுநர்களும் பலர் வாதிட்டார்கள். அழிவதற்கு முன்பே அந்த ஆர்கன் பலமுறை மாற்றப்பட்டிருந்ததையும், எல்லாக் காலத்து இசையையும் வாசிக்கத் தக்க கருவி வேண்டும் என்பதையும் எதிர்த்தரப்பு சுட்டியது. முடிவில் பணி ஸ்ட்ராஸ்பூர்க்கின் டேனியல் கெர்ன் பட்டறைக்குப் போயிற்று. 2005 இல் ஒலிக்கத் தொடங்கிய அவருடைய ஆர்கன், பழைய முகப்பின் பின்னால் சில்பர்மானின் வரிசைத் திட்டத்தை உள்ளடக்கியும், அதற்கு மேல் நான்காவது விசைப்பலகையாகப் பிற்காலப் பிரெஞ்சு வண்ணங்களைச் சேர்த்தும் அமைந்தது.

மீட்டெடுப்பை ஆதரித்தவர்களின் ஏமாற்றம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கெர்னின் முடிவில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. சில்பர்மான் தம் கருவிகளில் எதை வைத்தார் என்பதைப் போலவே, தாம் உறுதியாக அறியாத எதையும் வைக்க மறுத்தார் என்பதும் அவருடைய முறை. முழுமையான ஆவணங்கள் இல்லாமல் அவர் பெயரில் ஒரு கருவியை ஊகித்துக் கட்டுவது அந்த முறைக்குப் பொருந்தாது. அதே நகரில் அதற்கான தேவையும் இல்லை. கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்தின் குழல்களும் காற்றுப்பெட்டிகளும் 1944 இல் கழற்றப்பட்டு மரியன்ஸ்டெர்ன் மடத்தில் வைக்கப்பட்டதால் குண்டுவீச்சில் தப்பின. எரிந்துபோன மரக்கூட்டை மட்டும் புதிதாகச் செய்து, 1971 இல் அந்த ஆர்கனை மீண்டும் நிறுவினார்கள். இரண்டு தேவாலயங்களுக்கும் இடையே சில நிமிட நடைத் தொலைவுதான். ஒரே நாளில் இரண்டையும் கேட்க வாய்ப்பவர்கள், முதலில் அரசவைத் தேவாலயத்துக்குப் போவது நல்லது.